டோக்கனுக்கு அடித்த மொட்டை

எங்கள் தெருவில் நாய்க்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பெருமை எனக்கும் என் அண்ணனுக்கும் மட்டுமே உண்டு. திருப்பதியில் மொட்டைக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையம், டீக்கடை, லாட்ஜு வாசல் என்று எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய தலைகள் வெயிலில் மஞ்சளாக மின்னிக்கொண்டு போகும். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மொட்டை என்றால் சந்தனம், சந்தனம் என்றால் மொட்டை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. அதனால் வந்த வினைதான் இது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அண்ணனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், அறிவும் அதே அளவுக்கு அதிகம் என்பது அவன் எண்ணம். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், மேலே மொட்டை அடிக்கும் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் ‘மேலே’ என்றால் திருமலை, ‘கீழே’ என்றால் நாங்கள். ஷிஃப்டு முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கி வரும்போது அவர் சட்டையில் டெட்டால் வாசனை அடிக்கும். கை கால் கழுவிச் சோற்றில் உட்கார்ந்ததும் அன்று பார்த்த தலைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்.

முடி போனபிறகு மனுஷன் எதையும் மறைக்க முடியாது என்பார் நைனா. தலையில் இருக்கும் தழும்பைப் பார்த்தாலே அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். இது மாமரத்திலிருந்து விழுந்தது, இது சின்ன வயதில் அண்ணன்காரன் கல்லெறிந்தது, இது போதையில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது. நாற்பது வயது ஆளிடம், “உன்ன ஸ்கூல்ல வாத்தியாரு ஸ்கேல்ல அடிச்சாரா?” என்று கேட்டாராம். அந்த ஆள் அழுதுவிட்டாராம். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அம்மா மட்டும், “ஆமா, பெரிய ஜோசியரு, சோத்தத் துன்னு” என்பாள். எனக்கு நைனாவின் கண்ணைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. தழும்பு அவரிடம் பொய் சொல்லாது என்று பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டிக்கூடப் பேசியிருக்கிறேன்.

இனி நாய். தரிசன டோக்கன் கொடுக்கும் கவுன்டர் வரிசையில் ஒரு நாள் அண்ணன் உறவுக்காரர்களுக்காக இடம்பிடித்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு செவலைக் குட்டி அவன் மடியில் வந்து படுத்துக்கொண்டது. வரிசை கலைந்தும் அது இறங்கவில்லை. உறவுக்காரர்களுக்கு டோக்கன் கிடைக்கவில்லை, எங்களுக்குக் கிடைத்தது. அதனால் அதன் பெயர் டோக்கன். வீட்டு ஓனரம்மா மாடியில் இருந்தார். நாய் என்றால் அவருக்கு ஆகாது. கேட்டுக்கு வெளியே இருக்கும்வரை நான் பார்க்கவில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டார். டோக்கன் பகல் முழுக்கக் கேட்டுக்கு வெளியே இருந்தது. மற்ற நேரத்தில் அது எங்கே இருந்தது என்பதை அவரும் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில்தான் அத்தை வந்தாள். நைனாவின் ஒரே தங்கை, சித்தூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெட்டியோடு திடீரென்று வந்து இறங்கினாள். “ரெஸ்ட்டுக்கு வந்துகீறா” என்றாள் அம்மா. ரெஸ்ட்டு என்றால் என்னவென்று அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன்: சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவது. முன்பெல்லாம் என்னோடு பாண்டி ஆடி என்னையே தோற்கடிக்கும் அத்தை அவள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவள் ரவிக்கை என் வருத்தத்தை மறக்கடித்தது.

முழுக்கை ரவிக்கை. மணிக்கட்டில் இரண்டு பொத்தான். திருப்பதி மே மாசத்து வெயிலில் ஆடு மாடெல்லாம் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடக்க, அத்தை மட்டும் மணிக்கட்டுவரை மூடிய ரவிக்கையோடு இருந்தாள். டிவியில் செய்தி வாசிக்கும் பெண்கள்தான் அப்படிப் போடுவார்கள். சித்தூரில் ஃபேஷன் இவ்வளவு முன்னேறிவிட்டதே என்று நான் ஏங்கிப்போனேன். எனக்கும் அப்படி ஒன்று தைத்துத் தரச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தையின் வீட்டுக்காரர் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். எங்களுக்கு அவர் மாம்பழ மாமா. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். மெதுவாகப் பேசுவார். சிகரெட் பிடிக்கக்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நைனாவை ‘வாங்க போங்க மச்சான்’ என்பார். வரும்போதெல்லாம் வைக்கோல் போட்ட பெட்டியில் பங்கனபல்லி வரும். அத்தை வந்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை வந்து, தங்கமாகப் பேசிவிட்டு, இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போனார். இப்படி ஒரு மனிதரை விட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அத்தைக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நைனாவும் கிட்டத்தட்ட என் கட்சிதான்.

“எனக்கு அங்க புடிக்கலணா” என்று அத்தை ஒருமுறை சொன்னது எனக்குக் கேட்டது.

“புடிக்கலன்னா இன்னா அர்த்தம்? குடும்பம்னா நாலும் இருக்கும். அந்த ஆளு ஒரு வார்த்த தப்பா பேசி நான் பாத்ததில்ல” என்றார் நைனா.

 வரும் வெள்ளிக்கிழமை மாமா வந்து அழைத்துப்போவதாக முடிவானது. இன்னொரு பெட்டி மாம்பழம் வரும் என்று நான் நாளை எண்ண ஆரம்பித்தேன்.

அதற்குள் டோக்கன் சண்டைக்குப் போய் வந்தது. மீன் மார்க்கெட் நாய்களிடம் என்ன ரோஷமோ, ஒரு காலையில் இடது காதுக்குப் பின்னால் கிழிந்து ரத்தம் ஒழுக வந்து நின்றது. நைனா மேலே டியூட்டியில் இருந்தார். அண்ணன் உடனே வைத்தியன் ஆனான். நைனா அடிக்கடி சொல்லும் ஒரு சட்டம் எங்களுக்கு மனப்பாடம்: புண்ணின்மேல் முடி இருக்கக் கூடாது, இருந்தால் சீழ் கட்டும். நைனாவின் பெட்டியிலிருந்து ஒரு பிளேடை உருவினோம். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒவ்வொன்றாக நான் ஊட்ட, அண்ணன் காதைச் சுற்றிச் சிரைத்தான். அவன் நைனாவின் பிள்ளைதான். ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் டோக்கனின் பாதித் தலை மொட்டையாகிவிட்டது.

புண்ணின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ரவை மாதிரி இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் உப்புமா. குப்பையைக் கிளறியபோது ஒட்டியிருக்கும் என்று முடிவு செய்தோம். மாம்பழத் தோலுக்கு வந்த ஈக்கள் வீடு முழுக்க மொய்த்துக்கொண்டிருந்தன. ஈயையும் ரவையையும் சேர்த்து யோசிக்கும் மூளை எங்கள் இருவருக்கும் இல்லை.

மொட்டையைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஏதோ குறைந்தது. ஓடிப்போய் சாமி மாடத்திலிருந்து சந்தனப்பொடியை எடுத்து வந்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்துத் தலை முழுக்க, புண்ணுக்கும் சேர்த்து, அழகாக வழித்துப் பூசினேன். ரத்தம் நின்றது, ரவை மறைந்தது, டோக்கனுக்குக் களை வந்துவிட்டது. அண்ணன் “கோவிந்தா” என்றான். நாங்கள் அதைத் தெருவில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிப்போனோம். தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் நடந்ததில்லை.

தினம் காலையில் புதுச் சந்தனம் பூசினேன். மேலே காய்ந்து மொறமொறப்பாக, பார்க்க ஆறிவிட்டது போலவே இருந்தது. நைனா கேட்டபோது, “ஆறிக்கினு வருது நைனா” என்றேன். அவர் இருட்டில் குனிந்து சந்தனத்தை மட்டும் பார்த்தார், சிரித்தார், தூங்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் டோக்கன் தலையை உதற ஆரம்பித்தது. நான்காம் நாள் தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆள் கை நுழையாத சந்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருமுறை தட்டும். அந்தப் பக்கத்திலிருந்து சந்தன வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. எலி செத்த வாசனை. எனக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பிளேடு எடுத்தது தெரிந்தால் முதுகுத்தோல் உரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசனை மாடிக்கு ஏறிவிட்டது. ஓனரம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். “சாயந்திரம் லோபல குக்க இக்கட உண்டகூடது” என்றார். சாயங்காலத்துக்குள் நாய் இங்கே இருக்கக் கூடாது. இருந்தால் அவர் மகன் கோணிப்பையில் கட்டி டெம்போவில் போட்டு, சந்திரகிரி தாண்டி ரோட்டோரம் தள்ளிவிட்டு வருவான். அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான், போன வருஷம் பூனைகளுக்குச் செய்தான். நடக்க முடியாத நாயை ரோட்டோரம் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் தொட்டி பக்கமே பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு மாம்பழ மாமா வந்தார். நாலேகால் ட்ரெயினுக்கு ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். மாம்பழப் பெட்டி இறங்கியது. வழியனுப்ப நைனாவும் அன்று ஷிஃப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். அம்மா காபி போட்டாள். அத்தை பச்சை நைலான் புடவையும் அதே நிறத்தில் முழுக்கை ரவிக்கையுமாக, தலையில் பூவோடு, தன் துணிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நின்றாள். அப்போதுதான் டோக்கன் சந்திலிருந்து வெளியே வந்தது. என்ன வேதனையோ, சுற்றிச் சுற்றி வந்து, காதைச் சுவரில் தேய்த்து, என் காலடியில் விழுந்தது. தேய்த்ததில் சந்தனப் பொருக்கு பாதி பெயர்ந்துவிட்டது.

கீழே ஒரு ஓட்டை. என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. அது காலியாக இல்லை. உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். புழு. ஒன்று இரண்டல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக, தலைகீழாக, வாலை ஆட்டிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தன. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஏணியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். பிளேடு, பிஸ்கட், சந்தனம் எல்லாவற்றையும் நான் அழுதுகொண்டே ஒரே மூச்சில் கக்கிவிட்டேன். நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். நாய் பிழைக்காது என்று அவர் முகமே சொன்னது. “நாய அப்பறம் பாக்கலாம், ட்ரெயினுக்கு டைம் ஆவுது” என்றார் மாமா, வாசற்படியிலிருந்து, வழக்கமான மெதுவான குரலில்.

அத்தை பெட்டியைக் கீழே வைத்தாள்.

என் தாத்தா, அதாவது நைனாவின் நைனா, நகரிப் பக்கத்தில் முடிவெட்டும் பெட்டியோடு புண்ணுக்கு மருந்து போடும் பெட்டியும் வைத்திருந்தவர். அத்தை சின்ன வயதில் அவருக்குக் கூடமாட உதவியவளாம். அதை நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன். இப்போது அவள் குந்தி உட்கார்ந்து, மூக்கைக்கூடச் சுளிக்காமல், அந்த ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தாள். மிச்சமிருந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்து எறிந்தாள்.

“மேல பூசி இன்னாத்துக்கு ஆவும்? உள்ள துன்னுக்கினு கீதே” என்றாள்.

என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன். ஆனால் அவள் யாரையும் பார்த்து அதைச் சொல்லவில்லை. அடுத்த நிமிஷத்தில் அத்தைக்குப் பழைய குரல் வந்துவிட்டது, பாண்டியில் என்னை ஏமாற்றும்போது வருமே, அந்தக் குரல். அண்ணனை எதிர்வீட்டு பெயின்டர்களிடம் டர்பன்டைன் வாங்கி வரச் சொன்னாள். அம்மாவை உப்புப் போட்ட வெந்நீரும் பஞ்சும் கொண்டுவரச் சொன்னாள். நைனாவைத் தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து முள்வாங்கியை எடுத்துவரச் சொன்னாள். என் ஸ்கூல் ரிப்பனை உருவி டோக்கனின் வாயை அவளே கட்டினாள். எல்லோரும் அவள் சொன்னதைச் செய்தார்கள். இரண்டு வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இட்ட வேலைக்கு எங்கள் வீடே ஓடியது.

நைனா நாயின் உடம்பை முழங்காலால் அணைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா செல்ஃபோன் டார்ச்சை அடித்தாள். எனக்கு எவர்சில்வர் டப்பா மூடி. அதில் உப்புத் தண்ணீர். எடுக்கிற புழு அதில் விழும், நான் எண்ண வேண்டும். ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது என்பதால் எண்ணிக்கை முக்கியம் என்றாள் அத்தை. இன்று யோசித்தால், அது என் அழுகையை நிறுத்தக் கொடுத்த வேலை என்று தெரிகிறது. அன்று கலெக்டர் உத்தரவு கிடைத்தது போல இருந்தது.

டர்பன்டைனில் நனைத்த பஞ்சை ஓட்டையின் வாயில் வைத்து அழுத்தினாள். டோக்கன் துள்ளியது. நைனா பிடியை விடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பஞ்சை எடுத்தாள். மூச்சு முட்டிய புழுக்கள் திடுதிடுவென்று மேலே வர ஆரம்பித்தன. சினிமா விட்டதும் கதவில் நெருக்கிக்கொண்டு வருவார்களே, அப்படி. முள்வாங்கி பளிச் பளிச்சென்று போய் வந்தது. நான் தெலுங்கு மீடியம், எனக்கு எண் என்றால் தெலுங்குதான். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று கத்திக்கத்தி எண்ணினேன். அழுகை எங்கே போனதோ தெரியவில்லை. அருவருப்பும் இல்லை. இவ்வளவு சுவாரசியமான ஒரு சாயங்காலம் உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்காது என்று தோன்றியது.

முப்பது தாண்டியதும் அண்ணனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நூறு தாண்டாது என்றான். தாண்டும் என்றேன் நான். பந்தயம் போட்டோம். தோற்றவர், புதுப் பெட்டியில் இருக்கும் பெரிய மாம்பழத்தை ஜெயித்தவருக்கு விட்டுத்தர வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு புழுவும் எனக்குச் சொந்தப் புழுவாகிவிட்டது. அத்தை மறுபடி பஞ்சு வைத்தாள், மறுபடி எடுத்தாள். அறுபது. எழுபத்தெட்டு. வருவது குறைந்தது. அண்ணன் சிரித்தான்.  மாமா வாசலில் நின்று வாட்சைப் பார்த்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, அப்புறம் அவரும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். ஓனரம்மா கேட்டருகே முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். மகன் கையில் கோணிப்பை இருந்தது.

“இன்னும் ஆழத்துல கீது. பெருசுங்க அங்கதான் இருக்கும்” என்றாள் அத்தை. டர்பன்டைன் பாட்டிலை நேராகவே சாய்த்தாள். டோக்கன் உதறிய உதறலில் பாட்டில் புரண்டு அவள் ரவிக்கைக் கை தொப்பலாக நனைந்தது. நனைந்த துணி முள்வாங்கியில் சிக்கியது. அத்தை நாயிடமிருந்து கண்ணை எடுக்காமலே மணிக்கட்டுப் பொத்தான்களைப் பிய்த்தாள். இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ஓட்டைக்குள் முள்வாங்கியை விட்டாள்.

பெரியவை வந்தன. ஒவ்வொன்றும் வெந்த சோற்றுப் பருக்கையைவிடத் தடி. தொண்ணூறு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டில் நின்றது. நான் சாமியை வேண்டிக்கொண்டேன். ஏழுமலையானிடம் புழு கேட்டுப் பிரார்த்தித்த ஒரே பக்தை நானாகத்தான் இருப்பேன். அத்தை நாயின் காதைத் திருப்பி, உள்பக்கம் விரலால் அழுத்தினாள். ஒரு கொத்தாக மூன்று சேர்ந்து வந்தன.

“நூட ஒகட்டி” என்று கத்தினேன். நூற்றியொன்று. குதித்தேன். டப்பா மூடியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு கோபம். நூற்றியொரு புழுவை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அம்மாவின் டார்ச் வெளிச்சம் நாயின்மேலேயே இல்லை. அத்தையின் கைமேல் இருந்தது. நைனாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கும் அந்தக் கைக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. அத்தையின் முன்கையில் வட்ட வட்டமாக, எல்லாம் ஒரே அளவில், கருப்பாகச் சிலது, இன்னும் சிவப்பாகச் சிலது, வரிசையாக இருந்தன. எண்ணெய் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அப்பளம் பொரிக்கும்போது அம்மாவுக்கும் தெறிக்கும். இதில் பார்க்க என்ன இருக்கிறது? நூற்றியொன்று என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

தழும்பைப் பார்த்தால் கதை சொல்லும் நைனா அன்று ஒரு கதையும் சொல்லவில்லை. நாயைப் பிடித்திருந்த கையில் ஒன்றை எடுத்து, அந்த வட்டங்களில் ஒன்றை, சிரைத்த தலையைத் தடவிப் பார்ப்பது போல, விரல் நுனியால் தொட்டார். அப்போதுதான் அத்தைக்குத் தன் கை ஞாபகம் வந்தது. சடாரென்று ரவிக்கையை இழுத்து மூடப் பார்த்தாள். நைனா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி நாளா?” என்றார்.

 நான்தான் முந்திக்கொண்டு, “நாலு நாளா நைனா” என்றேன். புண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

நைனா எழுந்தார். வாசற்படியில் மாமா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் இன்னும் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. “மச்சான், அது வந்து…” என்று ஆரம்பித்தார்.

“ட்ரெயினுக்கு டைம் ஆவுதுன்னீங்களே மாப்ள. கெளம்புங்க” என்றார் நைனா. குரல் உயரவில்லை.  

அப்புறம் அவர் செய்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. உள்ளே போய், பிரிக்காத பங்கனபல்லிப் பெட்டியைத் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தார். அதற்குள்தான் என் பந்தய மாம்பழம் இருந்தது. நான் நியாயமாக ஜெயித்தது. மாமா ஏறினார், மாம்பழமும் ஏறியது, ஆட்டோ போய்விட்டது. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அத்தையும் அழுதாள். அவளுக்கும் மாம்பழம் போன துக்கம்தான் என்று நினைத்து, “பரவால்லத்த, வேற வாங்கலாம்” என்று ஆறுதல் சொன்னேன். அவள் டர்பன்டைன் நாறும் கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

ஓனரம்மா இன்னும் கேட்டருகே நின்றார். மகன் கையிலிருந்த கோணிப்பையை வாங்கி மடித்து இடுக்கிக்கொண்டார். “குக்கா உண்டனீ, அம்மாயீ உண்டனீ” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினார். நாயும் இருக்கட்டும், பெண்ணும் இருக்கட்டும். நாய் சரி, நான் எங்கேயும் போவதாக இல்லையே, என்னை எதற்கு இருக்கச் சொல்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலையில் நைனா லீவு போட்டார். டோக்கனை அத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, மொபெட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னால் நின்றுகொண்டு நானும் போனேன். டாக்டர் ஊசி போட்டார். மிச்சம் நான்கு புழு எடுத்தார். என் கணக்கு நூற்றி ஐந்தானது. நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறீர்களே, நர்ஸா என்று அத்தையைத் தெலுங்கில் கேட்டார். சந்தனக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “மூசி பெட்டகூடது” என்று என் தலையில் தட்டினார். மூடி வைக்கக் கூடாது. நான் தலையாட்டினேன். நைனாவும் தலையாட்டினார். அவர் எதற்கு ஆட்டுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டோக்கன் பிழைத்தது. காதுக்குப் பின்னால் மட்டும் முடி வெள்ளையாக முளைத்தது. அத்தை மாட்டாஸ்பத்திரியிலேயே முதலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பிறகு படித்து, இன்று அந்தப் பக்கத்து மாடு, நாய், ஆடு எல்லாவற்றுக்கும் ஊசி போடுகிறாள். மாம்பழ மாமா அப்புறம் வரவேயில்லை. ரொம்ப நாள்வரைக்கும் அது என் தப்பு என்றே இருந்தேன். நான் சந்தனம் பூசாமல் இருந்திருந்தால் புழு வந்திருக்காது, புழு வராமல் இருந்திருந்தால் மாமா அருவருத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். சாமி மாடத்தின் முன்னால் நின்று தினமும் மன்னிப்புக் கேட்டேன். மாமாவைத் திருப்பி அனுப்பு என்றுகூட வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, சாமி அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

என் நச்சரிப்பைப் பொறுக்காமல் நைனா அந்தத் தீபாவளிக்கு எனக்கு முழுக்கைச் சட்டை தைத்துக்கொடுத்தார், மணிக்கட்டில் இரண்டு பொத்தான் வைத்து. போட்டுக்கொண்டு அத்தையிடம் காட்ட ஓடினேன். அத்தை புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை அரைக்கை. கை முழுக்க வெளியே தெரிந்தது, வட்டமெல்லாம் மங்கித் தெரிந்தது, அவள் அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஃபேஷனைப் பிடிப்பதற்குள் அத்தை அதை விட்டுவிட்டாளே என்று.